கை நீளம் போதாத வயது

காலை வேளையில் பாறசாலை ரயில் நிலையத்தில் திருவனந்தபுரம் வண்டிக்குக் காத்து நிற்பவர்களைக் கவனித்தால் ஒரு காட்சி தப்பாமல் கிடைக்கும். சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதப் போகிறவரோ, சர்க்கார் ஆபீசுக்குப் போகிறவரோ, நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒருவர் பத்திரிகையைப் பிரிப்பார். முகத்தருகே கொண்டு வந்தால் எழுத்துகள் கலங்குகின்றன. சற்றுத் தள்ளிப் பிடிக்கிறார். பிறகு இன்னும் சற்றுத் தள்ளி. முடிவில் இரண்டு கைகளும் நேராக நீண்டுவிடுகின்றன. "என்ன அண்ணாச்சி, வெள்ளெழுத்து வந்தாச்சா?" என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டுச் சிரிக்கிறார்.

இந்தச் சொல்லுக்கு எல்லைக்கோடு கிடையாது. களியக்காவிளையில் தமிழில் 'வெள்ளெழுத்து' என்கிறார்கள். எல்லையைத் தாண்டி இஞ்சிவிளைக்கு வந்தால் மலையாளத்திலும் அதே 'வெள்ளெழுத்து'தான். 1956 நவம்பர் முதல் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு போயிற்று. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. நிலம் பிரிந்தது, சொல் பிரியவில்லை. 'சாளேசரம்' என்று தமிழில் இன்னொரு பழைய பெயரும் உண்டு. நாற்பது என்று பொருள்படும் வடநாட்டுச் சொல்லிலிருந்து அது வந்தது என்பார்கள். நாற்பதாம் வயதில் வருவதால் அந்தப் பெயராம். கணக்கு ஏறத்தாழச் சரிதான்.

ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இது ஒரு சிரிப்போடு போய்விடும். பாலராமபுரத்துத் தறிக்காரருக்கு இது சோற்றுப் பிரச்சினை. இழை தெரியவில்லை என்றதும் "கண் போய்க்கொண்டிருக்கிறது" என்று முடிவு கட்டி, நாற்பத்தெட்டிலும் ஐம்பதிலும் தறியை விட்டு இறங்க நினைப்பவர்கள் உண்டு. அதே வீட்டில், கல்குவாரிக்குப் போகும் பையனின் கண்ணில் சில்லு தெறித்தால், "இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். பயப்பட வேண்டாத இடத்தில் பயம். பயப்பட வேண்டிய இடத்தில் அலட்சியம். கண் எந்தெந்தப் பொருளால் ஆனது, எந்தப் பாகம் எதற்கு என்று தெரியாததே இந்தத் தலைகீழ்க் கணக்குக்குக் காரணம்.

ஒரே நார், இரண்டு நெசவு

வளர்ந்த மனிதனின் கண், முன்னிருந்து பின்வரை ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் உருண்டை. எடை ஏழெட்டு கிராம்தான். மண்டை ஓட்டில் எலும்புக் குழிக்குள், கொழுப்பு மெத்தையில் உட்கார்ந்திருக்கிறது. ஆறு சிறு தசைகள் அதைத் திருப்புகின்றன. வெளியே தெரிவது உருண்டையில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே.

உருண்டையின் சுவர் மூன்று அடுக்கு. வெளி அடுக்கு உறுதிக்கு. நடு அடுக்கு ரத்த ஓட்டத்துக்கு. உள் அடுக்கு பார்வைக்கு. வெளி அடுக்கின் பெரும்பகுதி வெள்ளையாகத் தெரியும் வெண்விழி. முன்பக்கம் மட்டும், பதினொன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்கு, அது கண்ணாடியாக மாறி நிற்கிறது. அதுதான் கருவிழி. பெயர்தான் கருவிழியே தவிர அதில் கருமை எள்ளளவும் இல்லை. பின்னால் இருக்கும் இருட்டு அதன் வழியே தெரிகிறது, அவ்வளவே.

வெண்விழியும் கருவிழியும் வெவ்வேறு பொருள் அல்ல என்பதுதான் வியப்பு. இரண்டும் 'கொலாஜன்' என்ற ஒரே வகைப் புரதத்தின் நாரால் ஆனவை. தோலிலும் தசைநாண்களிலும் இருக்கும் அதே நார். பின் ஏன் ஒன்று சுவராகவும் மற்றொன்று ஜன்னலாகவும் இருக்கிறது? நெசவாளிக்குச் சொல்லாமலே விளங்கும்: நூல் ஒன்றுதான், நெசவு வேறு. வெண்விழியில் பருத்ததும் மெலிந்ததுமான நார்கள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒளி பட்டதும் நாலாபக்கமும் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. கருவிழியில் எல்லா நார்களும் ஒரே பருமன். ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. ஒரு தகட்டில் உள்ள நார்கள் பாவு போல ஒரே திசையில் ஓடும். அடுத்த தகட்டில் ஊடை போலக் குறுக்கே ஓடும். இப்படி இருநூறுக்கு மேற்பட்ட தகடுகள், நடுவில் அரை மில்லிமீட்டர் கனத்துக்குள். இந்த ஒழுங்கு இருக்கும்வரை ஒளி தடையின்றி உள்ளே போகிறது. ஒழுங்கு கலைந்த இடத்தில் கருவிழி வெண்விழி போலாகிவிடும். அதைத்தான் ஊரில் 'பூ விழுந்த கண்' என்கிறார்கள்.

கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. ரத்தம் ஓடினால் ஜன்னலில் சிவப்புக் கோடு விழும் அல்லவா? அதனால் அது தனக்கு வேண்டிய பிராணவாயுவில் பெரும்பகுதியைக் கண்ணீர் வழியாக வெளிக்காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கண்ணீர் என்பது வெறும் உப்புத் தண்ணீர் அல்ல. கருவிழியோடு ஒட்டும் வழவழப்பு, கிருமியைக் கொல்லும் பொருள் கலந்த நீர், அது காய்ந்துவிடாமல் மேலே ஒரு எண்ணெய்ப் படலம் என்று மூன்றும் சேர்ந்தது. கருவிழியின் உட்புறத்தில் ஒற்றை வரிசையாக உள்ள செல்கள் ஓயாமல் நீரை இறைத்து வெளியேற்றி, நார்களின் இடைவெளியைக் காக்கின்றன. இந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

மேல்தோல் கீறினால் சில நாளில் ஆறிவிடும். கீறல் நார்த் தகடுகள் வரை இறங்கினால் வடு நிற்கும். கதிர் அறுக்கையில் நெல் இலை கண்ணில் கீறுவது, தென்னை ஓலை அடிப்பது, குவாரியில் கல் தெறிப்பது எல்லாம் இந்த இடத்தில்தான். இலையும் மண்ணும் பட்ட காயத்தில் பூஞ்சைக் காளான் குடியேறுகிறது. தென்னிந்தியாவில் கருவிழிப் புண்களில் பெரும்பங்கு இந்தப் பூஞ்சையால் வருவதே. தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, பச்சிலை பிழிவது எல்லாம் புண்ணில் கிருமியை ஏற்றுகிற காரியம். மருந்துக் கடையில் "கண் சிவப்புக்கு" என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்து அதைவிட மோசமாகலாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், பூஞ்சை செழிக்கும். சிவப்பு குறைந்ததே என்று நாலு நாள் கடத்தியவருக்குக் கருவிழியில் ஓட்டையே விழுந்துவிடக்கூடும்.

கட்டட வேலைக்கும் வெள்ளையடிக்கவும் வருகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய எதிரி சுண்ணாம்பு. சிமெண்டும் அதே ஜாதி. அமிலம் பட்டால் மேலாகப் பொசுங்கும். காரம் அப்படியல்ல, நாரைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். ஆஸ்பத்திரி எவ்வளவு அருகில் இருந்தாலும் முதல் வைத்தியம் பக்கத்திலுள்ள தண்ணீர்க் குழாய்தான். இமையை விரித்துப் பிடித்து, துணுக்குகள் போகும்படி, அரை மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பிறகுதான் வண்டி தேட வேண்டும். சுண்ணாம்புச் சட்டி இருக்கும் இடத்தில் குடத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறதா என்று கங்காணி பார்த்துக்கொண்டாலே பல கண்கள் தப்பும்.

பாவையும் கிருஷ்ணமணியும்

கருவிழிக்குப் பின்னால் ஒரு சிறு அறை. அதில் தெளிந்த நீர். நீருக்கு அப்பால் கறுப்போ பழுப்போ ஆன திரை. அதன் நடுவே ஒரு துவாரம். வெயிலில் இரண்டு மில்லிமீட்டராகச் சுருங்கும், இருட்டில் ஏழெட்டு மில்லிமீட்டராக விரியும். தமிழில் கண்மணி, மலையாளத்தில் கிருஷ்ணமணி. எதிரில் நிற்பவரின் உருவம் அதில் சிறு பொம்மையாகத் தெரிவதால் 'பாவை' என்றும் தமிழில் பெயர். வள்ளுவர் காமத்துப்பாலில் இந்தப் பாவையை இடத்தைக் காலி செய்யச் சொல்லி ஒரு குறளே பாடியிருக்கிறார். இலத்தீன் மொழியிலும் கண்மணிக்குச் 'சிறு பொம்மை' என்றுதான் பெயர். இங்கிலீஷ்காரர்களின் 'பியூப்பில்' அதிலிருந்து வந்தது.

அறையிலுள்ள நீர் ஓயாமல் ஊறி ஓயாமல் வடிகிறது. வடிகால் அடைத்தால் அழுத்தம் ஏறும். பின்னாலுள்ள பார்வை நரம்பு சிறிது சிறிதாக நசியும். இதுதான் கிளாக்கோமா. பெரும்பாலும் வலி இருக்காது. ஓரப் பார்வையில் தொடங்கி உள்ளே வரும். போன பார்வை திரும்பாது. தகப்பனுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால், நாற்பது வயதில் ஒருமுறை அழுத்தம் பார்த்துக்கொள்வது நல்லது. கண்ணாடி வாங்கப் போகும் அன்றே பார்த்துவிடலாம்.

இறுகும் பளிங்கு

இனி வெள்ளெழுத்தின் சொந்த இடம். கண்மணிக்கு நேர் பின்னால், ஒன்பது பத்து மில்லிமீட்டர் அகலத்தில், பருப்பு வடிவில் ஒரு வில்லை தொங்குகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு புரதம். மீதி பெரும்பாலும் நீர். இவ்வளவு செறிவான புரதம் உடம்பில் வேறெங்கும் இல்லை. அப்படியிருந்தும் தெளிவாக இருக்கிறது. இதற்கும் ரத்தக் குழாய் இல்லை. சுற்றிலும் நுண்ணிய இழைகள் வில்லையை ஒரு வளையத் தசையோடு கட்டி நிறுத்தியிருக்கின்றன. தூரத்தில் பார்க்கையில் இழைகள் விறைத்து வில்லை தட்டையாகிறது. கிட்டத்தில் பார்க்கையில் தசை சுருங்கி, இழைகள் தொய்ந்து, வில்லை தானாகவே உப்புகிறது. காமிரா லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும்; கண் லென்ஸின் வடிவத்தையே மாற்றுகிறது.

உடம்பில் மற்ற இடங்களில் பழைய செல் உதிர்ந்து புதிது வரும். வில்லையில் எதுவும் உதிர்வதில்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போது உண்டான செல் நடுவில் அப்படியே இருக்க, வருஷா வருஷம் புதிய அடுக்கு மேலே படிகிறது. அடுக்கு ஏற ஏற வில்லை இறுகுகிறது. எட்டு வயதுப் பிள்ளை ஏழெட்டு சென்டிமீட்டரில் பிடித்து எழுத்தைப் படித்துவிடும். நாற்பதில் இருபதுக்கு மேல் வேண்டும். ஐம்பதில் நாற்பதை ஒட்டி. அறுபதில் ஒரு மீட்டர் அளவு. கை அவ்வளவு நீளமில்லை. இதில் நோய் எதுவும் இல்லை, கண் 'போகவும்' இல்லை. ராஜாவுக்கும் வரும், தறிக்காரருக்கும் வரும்.

பாலராமபுரத்தின் கதையை இங்கே நினைக்காமல் முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மாவின் காலத்தில், உம்மிணித் தம்பி தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து சாலியரைக் கொண்டுவந்து குடியேற்றினார். ஊருக்கு மன்னர் பெயர். வேட்டிக்கும் நேரியதுக்கும் பெயர் வாங்கிய ஊர். 80, 100 நம்பர் நூல் குழித்தறியில் ஓடும். 100 நம்பர் என்றால் 840 கெஜச் சிட்டங்கள் நூறு சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு எடை. அந்த ஒரு பவுண்டு நூலை நீட்டினால் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலைத் தாண்டிப் போகும். இழையின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாற்பது சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து இரண்டு பொருளைத் தனித்தனியாகப் பிரித்துக் காணும் மனிதக் கண்ணின் எல்லையும் ஏறத்தாழ அதுவே. ஆகவே நல்ல கண்ணுக்கே இது கடைசி வரம்பில் நடக்கும் வேலை. வில்லை கொஞ்சம் இறுகினாலும் அறுந்த இழை கண்ணுக்குத் தப்பிவிடும். பாவு பிணைக்கையில் இழை மாறும். துணியில் குறை விழும். கூலியில் பிடித்தம் வரும். கைப்பழக்கத்தால் சில வருஷம் சமாளிக்கிறார்கள். விளக்கைக் கிட்டத்தில் வைக்கிறார்கள். பிறகு நுண்ணிய நூலை விட்டு மொத்த நூலுக்கு மாறுகிறார்கள். மொத்த நூலுக்குக் கூலி குறைவு. முப்பது வருஷத்துக் கைத்திறமை உச்சத்தில் இருக்கும் வயதில்தான் இது நடக்கிறது.

இதற்கு வைத்தியம் ஒரு ஜோடிக் கண்ணாடி. வில்லை உப்ப மறுக்கிற அளவை வெளியே இருக்கும் கண்ணாடி ஈடு செய்கிறது. "கண்ணாடி போட்டால் கண் கெட்டுப்போகும்" என்பது வீண் பேச்சு. போட்டாலும் போடாவிட்டாலும் வில்லை அதன் கணக்கில் இறுகும். கண்ணாடி கூலியில் எவ்வளவு மாற்றம் செய்யும் என்று அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள், மறுபாதிக்குப் பிற்பாடு. 2018-இல் வெளியான முடிவின்படி, கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்து மற்றவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. தேயிலைக் கொழுந்துக்கே அப்படியென்றால் நூறு நம்பர் நூலுக்கு என்ன சொல்வது! ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: தறிக்காரர் கண்ணாடி வாங்கும்போது தமக்கும் அச்சுக்கும் உள்ள தூரத்தை முழக்கயிற்றால் அளந்து சொல்ல வேண்டும். பத்திரிகை படிக்கும் தூரத்துக்குக் கொடுத்த கண்ணாடி தறியில் சரிப்படாது.

வில்லை இறுகுவது வேறு, கலங்குவது வேறு. அதே புரதம் வருஷக்கணக்கில் திரிந்து கட்டி தட்டினால் கண்புரை. மலையாளத்தில் திமிரம். இதற்கு அறுவை ஒன்றே வழி. கலங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பார்கள். 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாக வைத்தார். உலகப் போரில் விமானத்தின் மூடி உடைந்து அதன் பிளாஸ்டிக் துணுக்குகள் விமானிகளின் கண்ணுக்குள் புகுந்தும் கண் அதை எதிர்க்காததைக் கவனித்தவர் அவர். வெளிநாட்டில் நூறு டாலருக்கு மேல் விற்ற அந்த வில்லையை, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1992-இல் தொடங்கிய ஆரோலேப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தது. அந்த மருத்துவமனையை 1976-இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே ஆயிரக்கணக்கான கண்களை அறுத்துப் பார்வை கொடுத்தார்.

திரையும் மரச்சீனியும்

வில்லைக்குப் பின்னால் உருண்டையை நிறைப்பது பாகு போன்ற ஒரு பொருள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு தண்ணீர். அதற்குப் பின்னால் அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத விழித்திரை. இருட்டில் உதவும் குச்சிச் செல்கள் ஏறத்தாழப் பத்துக் கோடி. பகலில் நிறம் காட்டும் கூம்புச் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம். இவ்வளவு பேரின் செய்தியையும் மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பில் இழைகள் பத்து லட்சத்துக்குச் சற்று மேல்தான். நரம்பு வெளியேறும் இடத்தில் செல் எதுவும் இல்லை. அங்கே ஒவ்வொரு கண்ணும் குருடு. இந்தப் பத்திரிகையின் ஓரத்திலேயே சோதிக்கலாம். இடப்பக்கம் ஒரு சிலுவைக் குறி, அதற்கு வலப்பக்கம் ஏழரை சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி. இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் சிலுவையை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல அருகே கொண்டுவந்தால், முப்பது சென்டிமீட்டரை ஒட்டிப் புள்ளி மறைந்துபோகும்.

குச்சிச் செல்லின் ஒளிப்பொருள் வைட்டமின் ஏ-யால் ஆவது. அது குறைந்தால் முதலில் மாலைக்கண். பிறகு வெண்விழி வறண்டு, கருவிழியே உருகிவிடும். குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். எல்லைக் கிராமங்களுக்கு இதில் ஒரு தனிப் பாடம் உண்டு. விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய மரச்சீனி, உலகப் போர்க் காலத்து அரிசிப் பஞ்சத்தில் இங்குள்ள ஏழைகளின் வயிற்றைக் காத்தது. ஆனால் வெள்ளை மரச்சீனியில் வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். கிழங்கோடு மீன் சேர்த்துத் தின்னும் பழக்கம் ருசிக்கு மட்டும் வந்ததல்ல போலும். வேலியோரத்து முருங்கைக்கீரையும் முற்றத்துப் பப்பாளியும் இதே வேலையைச் செய்யும். சிறிது எண்ணெய் சேர வேண்டும், அவ்வளவுதான். பெரியவர்களின் திரையைக் கெடுப்பது இப்போது சர்க்கரை வியாதி. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சுண்ணாம்பும் ஒரு கூலிக்காரரும்

கண்ணப்பர் கதை தெரியாத தமிழர் இல்லை. ஆனால் முழுக் கண்ணை எடுத்து வைத்துப் பார்வை தரும் வித்தை இன்னும் கைகூடவில்லை. ஒருவர் இறந்தபின் இன்னொருவருக்குப் பார்வை தரக்கூடிய பாகம் கருவிழி ஒன்றுதான். ரத்தக் குழாய் இல்லாத பாகம் என்பதால் பெறுபவரின் உடம்பு அதை எளிதில் தள்ளிவிடுவதில்லை. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவரும் புரை அறுவை செய்துகொண்டவரும் கொடுக்கலாம். பழுதுபட்டது வில்லைதான், ஜன்னல் அல்ல. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைத்தால் போதும். எடுக்கக் கால் மணி நேரம்; முகம் விகாரப்படாது. எழுதிக் கொடுத்திருந்தாலும் கடைசியில் சம்மதம் சொல்ல வேண்டியவர்கள் வீட்டார்தான். ஆகவே இருக்கும்போதே வீட்டில் சொல்லி வைப்பது முக்கியம்.

முதன்முதலில் இந்த மாற்று அறுவை பலித்தது 1905 டிசம்பர் 7 அன்று. இப்போது செக் நாட்டில் உள்ள ஓலோமோட்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் என்ற டாக்டர் செய்தார். கொடுத்தது, இரும்புத் துணுக்கு பாய்ந்து பார்வை போய், கண்ணையே எடுக்க வேண்டிவந்த பதினொரு வயதுச் சிறுவன். பெற்றவர் அலோயிஸ் குளோகர் என்ற பண்ணைக் கூலிக்காரர். கோழிக்கூட்டைச் சுண்ணாம்பு போட்டுச் சுத்தம் செய்கையில் இரண்டு கண்களும் வெந்துபோனவர். இரண்டு கண்ணிலும் வைத்தார்கள். ஒன்று கலங்கிப்போயிற்று. மற்றொன்று தெளிவாகவே நின்றது. குளோகர் பண்ணை வேலைக்குத் திரும்பினார்.